மெட்டல் பாக்ஸுக்குத் தனி எர்த் ஒயர் வேணுமா, சாக்கெட் ஸ்க்ரூவே போதுமா?

புதுவீடு: சுவரில் பதித்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பாக்ஸ். 16 ஆம்ப் சாக்கெட்டுக்குப் பச்சை ஒயர் வந்து எர்த் டெர்மினலில் ஏறியிருக்கு. பாக்ஸுக்கு எதுவும் போகலை. "ஸ்க்ரூ வழியாவே பாக்ஸுக்கும் எர்த் போயிடும்"னு ஒயரிங் செய்றவர் சொல்றார். சரியா?

பழைய பியூஸ்: சரிதான். சாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. எர்த் டெர்மினல்ல இருந்து ஒரு உலோகப் பட்டை ஸ்க்ரூ ஓட்டை வரைக்கும் வரும். ஸ்க்ரூ அதை அழுத்திக்கிட்டுதான் பாக்ஸ் காதுல (ஸ்க்ரூ பிடிக்கிற துளையுள்ள உலோக நாக்கு) ஏறுது. ரெண்டு காதுல ஒண்ணு அசையாத காதா இருந்தா போதும். ஏற்கெனவே நெரிசலான பாக்ஸ்ல இன்னொரு ஒயரைத் திணிப்பானேன்? சுவருக்குள்ள கிடக்கிறதை யார் தொடப் போறாங்க?

மெகர்: நீங்க சொல்ற பட்டை இருந்தா சரி அண்ணே. மாடுலர் செட்ல (சாக்கெட், சுவிட்சைத் தனித்தனியா பிரேம்ல மாட்டுற வகை) அது எங்கே இருக்கு? சாக்கெட் பிளாஸ்டிக் பிரேம்ல கிளிப் ஆகி உட்காருது. ஸ்க்ரூ பிரேம் வழியா நேரா பாக்ஸுக்குப் போகுது, எர்த் டெர்மினலைத் தொடுறதே இல்லை. பாக்ஸ் எர்த் இல்லாம அந்தரத்துலதான் நிக்குது.

யார் தொடுவாங்கன்னா, பிளேட் ஸ்க்ரூ தலை வெளியே தெரியுற மாடல்ல தொடுறவங்க எல்லாரும்தான். ஈரம் ஏறின சுவர்ல பூச்சே கடத்தும். பாக்ஸுக்கு கரண்ட் வர வழியும் சாதாரணமானதுதான். நீளமான ஸ்க்ரூ முனை ஒயர் உறையைக் குத்தும். இல்லைன்னா, தட்டித் திறந்த ஓட்டையில புஷ் (விளிம்பை மூடுற வளையம்) போடாம விட்ட கூர்விளிம்பு பேஸ் ஒயரை (கரண்ட் வர்ற ஒயர்) மெல்ல அறுக்கும்.

பழைய பியூஸ்: அதுக்குத்தானே 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா சப்ளையை நிறுத்துற சுவிட்ச்) இருக்கு?

மெகர்: எர்த் இல்லாத பாக்ஸ்ல பேஸ் பட்டா கசிவுக்கு வழியே இல்லை, ஆர்சிசிபி சும்மாதான் இருக்கும். யாராவது தொட்டு, அவர் உடம்பு வழியா கரண்ட் ஓடினப்புறம்தான் டிரிப் ஆகும். எர்த் இருந்தா பேஸ் பட்ட நொடியே விழும்.

கணக்கும் பாருங்க. 230 வோல்ட், கசியுற கரண்ட் போய்த் திரும்புற மொத்தப் பாதையோட (லூப்) தடை 1 ஓம்னா 230 ஆம்ப். 16 ஆம்ப் சி டைப் எம்சிபி (கரண்ட் அளவு மீறினா விழுற சுவிட்ச்) 80க்கும் 160 ஆம்புக்கும் நடுவுல காந்த முறையில உடனே விழும், அதனால இங்கே எம்சிபியே பார்த்துக்கும். வீட்டு எர்த் குழியை மட்டும் நம்பி லூப் 10 ஓம் வந்தா 23 ஆம்ப்தான். அதுக்கு எம்சிபி சட்டுனு விழாது, ஆர்சிசிபிதான் காப்பாத்தும். எர்த், ஆர்சிசிபி ரெண்டும் வேணும்.

பச்சைக்கம்பி: இந்தத் தகராறே வேண்டாம்னா பிவிசி பாக்ஸ் போட்டுடலாமே?

மெகர்: போடலாம், அதுக்கு எர்த் தேவையே இல்லை. ஸ்க்ரூவை மட்டும் அளவுக்கு மீறி முறுக்காதீங்க, உள்ளே இருக்கிற பித்தளை மரை சுத்திக்கும். சாக்கெட்டுக்கு எர்த் எப்பவும் வேணும்.

புதுவீடு: மெட்டல் பாக்ஸ் பதிச்சாச்சு. ஒயர் எப்படிப் போடணும் சார்?

மெகர்: மெயினை ஆஃப் பண்ணி, சப்ளை இல்லைன்னு டெஸ்டர் விளக்கை மட்டும் நம்பாம மீட்டர்ல பாருங்க. எர்த் ஒயர் பேஸ் ஒயர் அளவுலயே இருக்கட்டும்: 2.5 ஸ்கொயருக்கு (சதுர மில்லிமீட்டர்) 2.5. பாக்ஸ்ல எர்த் ஸ்க்ரூ இருந்தா அதையே பயன்படுத்துங்க. இல்லைன்னா பின்தகட்டு ஓட்டையில 4 மில்லி ஸ்க்ரூ, ரிங் லக் (ஒயர் முனையில மாட்டுற வளையம்), ஸ்டார் வாஷர், நட்டு போடுங்க. தகட்டைக் குடையுற ஸ்க்ரூ வேண்டாம். மெல்லிய தகட்டுல ஒண்ணு ரெண்டு மரைதான் பிடிக்கும். பெயின்ட், சிமென்ட், துரு இருந்தா பளிச்சுனு சுரண்டுங்க.

வர்ற எர்த், போற எர்த், சாக்கெட் எர்த், பாக்ஸ் எர்த் நாலையும் ஒரு கனெக்டர்ல சேருங்க. கனெக்டர் இல்லாம சாக்கெட் டெர்மினல்லயே சேர்த்து அடுத்த பாயிண்டுக்கு இழுத்தா, சாக்கெட்டைக் கழற்றுற அன்னைக்கு அங்கேயும் எர்த் அறுந்துடும்.

பச்சைக்கம்பி: சுவிட்ச் மட்டும் இருக்கிற பாக்ஸ்ல பச்சை ஒயரே வராதே?

மெகர்: பைப் வழியா ஒண்ணு இழுங்க. முடியலைன்னா பாக்ஸை பிவிசிக்கு மாத்துங்க. நியூட்ரலை மட்டும் பாக்ஸ்ல முறுக்கிடாதீங்க! வழியில எங்கேயாவது நியூட்ரல் விட்டுப்போனா, எரியுற லைட்டு வழியா முழு வோல்ட்டேஜும் பாக்ஸுக்கு வந்துடும்.

முடிச்சதும் பாக்ஸுக்கும் மெயின் எர்த் பாருக்கும் நடுவே ஓம் அளந்து, மீட்டர் முனை ரெண்டையும் சேர்த்தா வர்ற அளவைக் கழிச்சுக்குங்க. 2.5 ஸ்கொயர் செம்பு மீட்டருக்கு ஏறக்குறைய 7.4 மில்லிஓம், 20 மீட்டருக்கு 0.15 ஓம். 2 ஓம் காட்டினா எங்கேயோ லூஸ். ஆனா சாதா மீட்டர் ஒரே ஒரு இழை பிடிச்சிருந்தாலும் நல்லதுன்னு சொல்லும், அதனால ஒவ்வொரு ஒயரையும் கையால இழுத்துப் பாருங்க.

பழைய பியூஸ்: பிளாஸ்டிக் பிரேம்னா ஒத்துக்குறேன். பட்டை இருக்கிற சாக்கெட்டுக்கு இதெல்லாம் தண்டம்தான்.

மெகர்: பெயின்ட் அடிக்க சாக்கெட்டைக் கழற்றி வெளியே தொங்கவிட்டா அந்தப் பட்டை பாக்ஸைத் தொடுமா அண்ணே? ஒயர் உறை நசுங்கிப் பேஸ் பாக்ஸ்ல படுறது பெரும்பாலும் அந்த நேரத்துலதான். பாக்ஸ் ஒயரை 15 சென்டிமீட்டர் நீளமா விட்டா, சாக்கெட் வெளியே தொங்குறப்பவும் எர்த் விடாது.