டி டிரைவ் திறக்குது, ஆனா சேவ் பண்ண விடமாட்டேங்குது (லினக்ஸ் மின்ட், புதுசு)

அரவேணுக்காரன்:
கோத்தகிரி பக்கம் அரவேணுல ஒன்றரை ஏக்கர் தேயிலை வச்சிருக்கேன். வயசு 58. கம்ப்யூட்டர்ல எனக்குத் தெரிஞ்சது எக்ஸெல் மட்டும்தான். எந்தத் தேதி எத்தனை கிலோ கொழுந்து போச்சு, பறிச்சவங்களுக்கு எவ்வளவு கொடுத்தேன், அவ்வளவுதான். ஏழு வருசக் கணக்கு டி டிரைவ்ல கிடக்கு.

கோயம்புத்தூர்ல வேலை பாக்கற பையன் பொங்கலுக்கு வந்தப்ப, 4 ஜிபி ராம் இருக்கற பழைய லேப்டாப்புல விண்டோஸ் 10 பக்கத்துலயே, விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்கற லினக்ஸ் மின்ட்டைப் போட்டுட்டுப் போயிட்டான். வேகத்துல குறை இல்லை. ஆனா சி, டி எதையுமே காணோம். அரை மணி நேரம் தேடி, இடது பக்கம் "210 ஜிபி வால்யூம்"னு இருந்ததைத் தட்டினா, உள்ள என் ஃபோல்டரெல்லாம் இருக்கு! கணக்கும் திறக்குது. ஒரு எண்ணை மாத்தி சேவ் பண்ணினா மட்டும் "ரீட் ஒன்லி"ங்குது. நேத்து எடை 84 கிலோ. காலண்டர் பின்னாடி எழுதி வச்சிருக்கேன். பையனுக்கு நைட் ஷிஃப்ட், எழுப்ப மனசு வரலை. டிஸ்க் போயிடுச்சா?

குன்னூர் மழை:
டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகலைங்கண்ணா. கடைசியா விண்டோஸை எப்படி மூடினீங்க? ஷட் டவுனா, ரீஸ்டார்ட்டா?

அரவேணுக்காரன்:
ஷட் டவுன்தான் தம்பி. கரண்ட் போயெல்லாம் அணையலை, முறையாத்தான் மூடினேன்.

குன்னூர் மழை:
அங்கதான் விசயமே இருக்கு. விண்டோஸ் 8-லிருந்து "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்"னு ஒண்ணு இருக்கு. ஷட் டவுன் கொடுத்தா விண்டோஸ் முழுசா மூடாது, பாதித் தூக்கத்துல இருக்கும். மறுநாள் சீக்கிரம் எழும்பணும்னு தன் நினைவை ஒரு ஃபைல்ல எழுதி வச்சுக்கும். டி டிரைவ்ல எது எங்க இருக்குங்கற கணக்கும் அதுல சேர்த்திதான்.

இலை எடை போடறவர் நோட்டுல ஒரு பக்கத்தைக் கிழிச்சு பாக்கெட்ல வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டார்னு வைங்க. ராத்திரி நீங்க அந்த நோட்டுல எழுதறீங்க. காலைல அவர் வந்து தன் பக்கத்தை ஒட்டினா ரெண்டு கணக்கும் பாழ். அதனாலதான் லினக்ஸ் "பாரு, எழுதாதே"ங்குது. உங்க ஏழு வருசத்தைக் காப்பாத்தத்தான்.

விண்டோஸுக்குப் போய் கன்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ் திறங்க. பவர் பட்டன் என்ன செய்யணும்னு கேக்கற இடத்துல, மங்கலா இருக்கறதை மாத்த மேல ஒரு இணைப்பு இருக்கும். அதைத் தட்டினப்புறம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துட்டு ஷட் டவுன் பண்ணுங்க. அவசரத்துக்கு ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸுக்கு வந்தாலும் போதும், ரீஸ்டார்ட்ல முழுசாத்தான் மூடும். எனக்கு ஒரு தடவை அப்டேட்டுக்கு அப்புறம் அந்த டிக் தானா திரும்பி வந்திருந்துச்சு, ஒரு கண்ணு வச்சுக்குங்க.

சி, டினு எழுத்து லினக்ஸ்ல கிடையாது. நீங்க தட்டினதும் அந்த டிரைவ், மீடியாங்கற ஃபோல்டருக்குள்ள உங்க யூசர் பேருக்குக் கீழ வந்து ஒட்டிக்கும்.

கூடலூரான்:
எதுக்கு இவ்வளவு சுத்து? மவுன்ட் பண்றப்ப, அதாவது டிரைவை லினக்ஸோட இணைக்கறப்ப, அந்தத் தூக்க ஃபைலை அழிக்கச் சொல்லி ஒரு ஆப்ஷன் இருக்கே. ஒரே வரி.

குன்னூர் மழை:
இருக்கு. விண்டோஸ்ல சேவ் பண்ணாம விட்டது ஏதாவது இருந்தா அதுவும் சேர்ந்து போயிடும். விண்டோஸே எழும்பாத மெஷின்னா சரி, இவருக்குத்தான் நல்லா எழும்புதே. புதுசா வர்றவருக்கு முதல் நாளே அழிக்கற கமாண்டைக் கத்துக்கொடுக்காதீங்க.

கூடலூரான்:
அதுவும் சரிதான். அண்ணா, இன்னொண்ணு. ஃபைல் பேர்ல முக்காற்புள்ளி, கேள்விக்குறி வைக்காதீங்க. லினக்ஸ் சில சமயம் பேசாம ஏத்துக்கும், விண்டோஸ் திறக்காது. "எடை 7:30"னு பேர் வச்சு நான் பட்டிருக்கேன்.

அரவேணுக்காரன்:
டிக்கை எடுத்தேன், மூடினேன், மின்ட்டுக்கு வந்தேன். 84 கிலோ ஏறிடுச்சு. ரெண்டு பேருக்கும் நன்றி தம்பிங்களா. சாயங்காலம் பையன் போன் பண்ணினான். நானே சரி பண்ணிட்டேன்னேன். "அப்பா, எதை அழிச்சீங்க?"ன்னுதான் முதல்ல கேட்டான்.