ரிபன் முடிச்சுப் போட முடியாத விடியல்கள்: முடக்கு வாதத்தோடு ஏழு வருடம்

தங்கச்சி, கை வீக்கத்துக்கு என்ன சாப்பாட்டை விட வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நான் யாழ்ப்பாணம், கொக்குவில். இந்த வருத்தத்தோடு ஏழு வருடம் ஓடிவிட்டது. சாப்பாட்டுக் கதைக்குக் கடைசியில் வருகிறேன், அதற்கு முன் சரியான வைத்தியம் பார்க்காமல் நான் தொலைத்த ஒன்பது மாதத்தைச் சொல்ல வேண்டும்.

எனக்கு இரண்டு கையிலும் ஒரே மாதிரித்தான் தொடங்கியது, சுட்டுவிரலும் நடுவிரலும் தொடங்குகிற அடி மூட்டுகளில். மகளுக்கு அப்போது ஒன்பது வயது, பள்ளிக்கூடத்துக்கு இரட்டைப் பின்னல். மயிரை மூன்றாகப் பிரித்துப் பின்னும்வரை எப்படியோ சமாளிப்பேன். ரிபனை இழுத்து முடிச்சுப் போடுகிற நேரம் விரல் நுனியில் பிடியே இருக்காது, நழுவி நழுவி விழும், பிள்ளை மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒன்பது மணியானால் கை இளகிவிடும். அதனால் பகலில் நான் சொன்னால் யாரும் நம்பவில்லை, எனக்கே பெரிய விஷயமாகத் தெரியவில்லை. 2006 கடைசியில் சிக்குன்குனியா வந்தபோது வீட்டில் எல்லோரும் சுவரைப் பிடித்துத்தான் நடந்தோம், அந்த நோதான் மிச்சமிருந்து திரும்ப வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

நல்லெண்ணெய் பூசினேன், நொச்சி இலை அவித்து ஒத்தடம் பிடித்தேன், கத்தரிக்காய், மரவள்ளி, உருளைக்கிழங்கு எல்லாம் வாய்வு என்று மாமி சொன்னதால் அவற்றையும் விட்டேன். பிறகு ஓரிடத்தில் பெயர் ஒட்டாத போத்தலில் ஒரு தூள் தந்தார்கள். மூன்றாம் நாளே நோ போய்விட்டது, கோயிலுக்கு நேர்த்தி வைக்கிற அளவுக்குச் சந்தோசம். இரண்டு மாதத்தில் முகம் உப்பி, சீனி ஏறி நின்றது. அதற்குள் ஸ்டீராய்டு இருந்திருக்க வேண்டும் என்றார் பிறகு பார்த்த வைத்தியர், அதைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து என்று படிப்படியாகக் குறைக்க வைத்தார். சித்த வைத்தியத்தை நான் குறை சொல்லவில்லை. என்ன மருந்து என்று எழுதாமல் தருகிறதைத்தான் சொல்கிறேன்.

இரத்தப் பரிசோதனையில் உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டுகிற ஈஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் கூடியிருந்தன, முடக்கு வாதத்தைக் காட்டிக்கொடுக்கிற ஆன்ட்டி சிசிபியும் பொசிட்டிவ். எதிர்ப்புச் சக்தி ஆளை மாறிப்போய் எங்கள் மூட்டுச் சவ்வையே தாக்குகிறது, வீங்கிய சவ்வு பக்கத்து எலும்பை அரிக்கிறது. எக்ஸ்ரே படத்தில் என் வலது நடுவிரல் மூட்டின் ஓரத்தில் எலி கொறித்த மாதிரி ஒரு சின்னப் பள்ளம். அது இனி நிரம்பாது. முதல் மாதமே போயிருந்தால் அந்தப் பள்ளம் விழாமலே இருந்திருக்கலாம், இப்போதும் அதை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

அந்தத் தாக்குதலை அடக்குகிற மெதோட்ரெக்ஸேட் என்ற மருந்தைத் தொடங்கினார்கள், கிழமைக்கு ஒரு நாள் மட்டும். அதன் பக்க விளைவு குறைய வேறொரு நாளில் ஃபோலிக் அசிட். ஈரலும் இரத்த அணுக்களும் எப்படி இருக்கின்றன என்று அடிக்கடி இரத்தம் பார்க்க வேண்டும். பிள்ளை பெற நினைக்கிறவர்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லுங்கள், கர்ப்பத்தில் இந்த மருந்து கூடவே கூடாது. முதல் ஆறு கிழமை ஒரு மாற்றமும் இல்லை, விட்டுவிடலாமோ என்றுகூட வந்தது. மூன்றாம் மாதம் ஒரு திங்கட்கிழமை விடிய ரிபன் முடிச்சு இறுகியது. மகளுக்கு ஏன் அழுகிறேன் என்று விளங்கவில்லை.

சரி, சாப்பாடு. மருந்து பிடித்த பிறகு கத்தரிக்காயைத் திரும்பச் சேர்த்தேன், எனக்கு ஒன்றும் செய்யவில்லை. சூடை, சாளை மாதிரிக் கொழுப்புள்ள மீன் கிழமைக்கு இரண்டு மூன்று தரம், பொரிக்காமல் குழம்பு. அதிலுள்ள ஒமேகா 3 நோவையும் விறைப்பையும் கொஞ்சம் குறைக்கும், ஆனால் மருந்தின் வேலையை அது செய்யாது. சீனித் தேத்தண்ணியை விட்டு, பின்னேரம் நடந்து, ஆறு கிலோ குறைத்தேன், முழங்காலுக்கு அது பெரிய உதவி. விடிய எழும்பியதும் ஒரு சட்டி இளஞ்சூட்டுத் தண்ணிக்குள் கையை வைத்து விரல்களைப் பத்து நிமிடம் மடக்கி நீட்டுவேன். கிணற்றில் வாளி இழுப்பதில்லை. இடியப்ப உரலை இப்போது மகன்தான் பிழிகிறான்.

குருநகரிலிருந்து:
அக்கா, ஆம்பிளையளுக்கும் இது வரும் என்று எழுதுங்கோ. பெண்களுக்குத்தான் கூட என்பதால் என்னை ஒருவரும் சந்தேகப்படவில்லை, வலை இழுத்த கைநோ என்றே விட்டுவிட்டார்கள். நான் முப்பது வருடம் சுருட்டுப் பிடித்தவன். புகை இந்த வருத்தம் வரவும் காரணமாகும், வந்தால் மோசமாக்கவும் செய்யும் என்று கிளினிக்கில் சொன்னபோதுதான் விட்டேன். மெதோட்ரெக்ஸேட்டோடு சேர்ந்தால் ஈரலுக்குக் கெடுதி என்று கள்ளையும் விடச் சொன்னார்கள். சுருட்டை விட அதுதான் பெரும்பாடு, பனை சீசனில் இன்னும் மனம் இழுக்கும்.

சுன்னாகத்திலிருந்து:
எங்கள் மாமியாருக்கு நடந்ததைச் சொல்கிறேன், தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். கிழமைக்கு ஒரு நாள் எடுக்க வேண்டிய அதே மெதோட்ரெக்ஸேட் குளிசையை அவர் தினமும் போட்டிருக்கிறார், உறையில் எழுதியிருந்தது அவருக்கு விளங்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. ஆறாம் நாள் வாய் முழுக்கப் புண், கஞ்சிகூட விழுங்க முடியவில்லை. இரத்த அணுக்கள் விழுந்து வார்டில் வைத்திருந்துதான் காப்பாற்றினார்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் குளிசையை நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

கொக்குவில்:
நல்ல காலம் தப்பியிருக்கிறார். என் குளிசை உறையில் "ஞாயிறு மட்டும்" என்று மகள் சிவப்புப் பேனையால் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறாள். தங்கச்சி, உங்களுக்கு விடியக் கை விறைப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது? அரை மணித்தியாலத்துக்கு மேல் என்றால் இந்தக் கிழமையே போய்க் காட்டுங்கோ.