புதுப்பிப்பு: பின்கால் இறுகி நின்ற எங்கள் மார்வாரிக் குதிரை
போன மாதம் எழுதியிருந்தேனே, கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி 15ஆவது கிலோமீட்டரில் எங்கள் பெட்டைக் குதிரை பின்கால் கட்டையாக இறுகி, டிகாக்‌ஷன் நிறத்தில் மூத்திரம் விட்டு நின்றது என்று, அதன் தொடர்ச்சி இது. "நடத்தினால் இளகிடும்" என்றவர்கள் பேச்சைக் கேட்காமல் அங்கேயே நிறுத்தி வண்டி வரவழைத்தது நல்லதாயிற்று. ரத்தப் பரிசோதனையில் தசை சிதைவைக் காட்டும் சிகே, ஏஎஸ்டி என்ற இரண்டு நொதிகளில் சிகே சீக்கிரம் இறங்கியது, ஏஎஸ்டிதான் மெதுவாக இறங்கியது.

தப்பு என்னுடையதுதான். 2 நாள் கட்டிப்போட்டுவிட்டு, கொள்ளும் ஓட்ஸும் வழக்கம்போல அள்ளி வைத்தேன், மறுநாளே ஓட்டினேன், அதில்தான் தசை இறுகியது.

இப்போது தானியம் பாதி, கொஞ்சம் தவிட்டெண்ணெய், உப்பு, டாக்டர் சொன்ன அளவில் வைட்டமின் ஈ, அப்புறம் ஓய்வு நாளிலும் தென்னந்தோப்பில் அவிழ்த்து விடுகிறேன். நேற்று 5 கிலோமீட்டர் நடை. முடிந்ததும் புட்டத்தை அழுத்திப் பார்த்தேன், மெத்தென்று இருந்தது. மூத்திரமும் தெளிவு.