துறவு எடுக்கணும்னு நிக்க பிள்ளைகள நேர்ல பாத்திருக்கியளா? பாத்ததச் சொல்லுங்க

குலசேகரத்துக்காரன்:
எங்க பக்கத்து வீட்டுப் பையன பத்திச் சொல்லுகேன். இஞ்சினியரிங் முடிச்சு பெங்களூர்ல நல்ல சோலில இருந்தவன், ஒருநாள் எல்லாத்தையும் விட்டுட்டு வந்து அப்பனுக்கு கூட ரப்பர் வெட்டப் போக ஆரம்பிச்சிட்டான். ஊர்ல லவ் ஃபெயிலியர்னாங்க, வேலைய விட்டு தூக்கிட்டாங்கன்னாங்க, அவன்கிட்ட மட்டும் ஒருத்தரும் கேக்கல. சிதறால் மலைக்கு ரெண்டு பேரும் போனப்ப நான் கேட்டேன். பாறையில செதுக்கியிருக்க உருவத்தக் காட்டி, இந்த புத்தர் முன்னால சொல்லு மக்ளே, என்னதான் ஆச்சுன்னேன். "அண்ணே இது புத்தர் இல்ல, சமணத் தீர்த்தங்கரர், தலைக்கு மேல பாம்பு படம் எடுத்து நிக்கில்லா, இவரு பார்சுவநாதர்"னான். 9ஆம் நூற்றாண்டுல இங்க சமணத் துறவிங்க இருந்தத அவன் சொல்லித்தான் நான் நின்னு பாத்தேன், இத்தன வருஷம் காத்து வாங்க மட்டுந்தான் அங்க ஏறியிருக்கேன்.

பெறகு அவனே பேசினான். பத்து நாள் விபாசனா தியான கோர்ஸுக்குப் போயிருக்கான், போனைக் கொடுத்திரணும், பேசக்கூடாது, காலைல 4 மணிக்கு மணியடிக்கும். மொத மூணு நாள் மூக்குல மூச்சு வந்து போறத மட்டும் பாக்கணும், நாலாவது நாள்ல இருந்து உடம்புல தலை தொட்டு கால் வர என்ன உணர்ச்சி வருதுன்னு பாக்கணும், ஒரு மணி நேரம் அசையாம இருக்கணும். முட்டு வலியில அழுதிருக்கான். ஆனா அந்த வலிய விரட்டாம பாத்துட்டே இருந்தப்ப அது ஒரே கட்டியா இல்ல, துடிப்பு துடிப்பா வந்து போயிட்டே இருந்துச்சாம். "எனக்க வலி, எனக்க கோவம்னு பிடிச்சு வச்சிருந்தது எல்லாமே இப்பிடித்தான்னு அப்பதான் தோணிச்சு அண்ணே." அதுல இருந்து அவனுக்கு பிக்கு, அதாவது பௌத்தத் துறவி ஆகணும். அம்மை விடமாட்டா.

சொல்லாம போயிருக்கலாம்லான்னேன். முடியாதாம். மகன் சித்தார்த்தன் போனதே போதும்னு இருந்த சுத்தோதனருக்கு, பேரன் ராகுலனுக்கும் துறவு கொடுத்தது தாங்கல, அவரு கேட்டுக்கிட்டதாலதான் பெத்தவங்க சம்மதம் இல்லாம யாருக்கும் துறவு கொடுக்கக்கூடாதுன்னு புத்தர் விதி வச்சாராம். ரட்டபாலன்னு ஒரு பணக்கார வீட்டு ஒத்த மகன் சம்மதத்துக்காக வெறுந்தரையில சாப்பிடாம கிடந்த கதையும் சொன்னான். பல வருஷம் கழிச்சு சொந்த வீட்டு வாசல்ல பிச்சைக்கு வந்து நின்னா அப்பனே அடையாளம் தெரியாம திட்டி அனுப்புகாரு, கீழ கொட்டப்போன பழங்கஞ்சிய பாத்திரத்துல ஊத்த வந்த வேலைக்காரப் பொண்ணுதான் கையையும் காலையும் குரலையும் வச்சு கண்டுபிடிக்கா. நீயும் அப்பிடி பட்டினி கிடப்பியான்னு கேட்டேன். "எங்கம்மை பட்டினி கிடக்காம இருந்தா போதும்ணே"ன்னான்.

இப்பவும் விடிய முன்ன எழும்பி உக்காருகான், அப்புறம் தலையில லைட்ட மாட்டிட்டு வெட்டப் போவான். தங்கச்சி கல்யாணம் முடியட்டும்னு அம்மை சொல்லியிருக்கா. விட்டாச்சுன்னு சொல்லுகவங்களவிட, விட முடியாத இடத்துல நின்னு பொறுமையா இருக்க இவன்மேலதான் எனக்கு மதிப்பு.

மார்த்தாண்டம் டீச்சர்:
தம்பி, இத வாசிச்சிட்டு கை நடுங்குது, எனக்க மகன் இலங்கைல ஒரு ஆரண்யத்துல, காட்டு மடத்துல, சாமணேரரா இருக்கான், பிக்கு ஆகதுக்கு முந்தின படி அது. சம்மதம் எழுதிக் கொடுத்தது நானும் அவங்கப்பாவும்தான். காலேஜ் ஹாஸ்டலுக்கு ரெண்டு பெட்டி கட்டிக் கொடுத்து விட்டவ நான், பிக்குவுக்குன்னு உள்ள சாமான் மொத்தமே எட்டு, மூணு காவித்துணி, பாத்திரம், இடுப்புக் கச்சை, சவரக்கத்தி, ஊசி, தண்ணி வடிகட்டி, அவ்வளவுதான். அதக் கேட்டப்பதான் எனக்கு நெஞ்ச அடைச்சிட்டு.

திருவனந்தபுரத்துல ஃபிளைட் ஏறி போய்ப் பாத்தோம். அவன் என்ன கட்டிப் பிடிக்க மாட்டான், நான்தான் அவன கும்பிடணும், அவன் திருப்பிக் கும்பிட மாட்டான். கும்பிட்டேன். அவனுக்குப் பிடிச்ச மீன்கறி வச்சுக் கொண்டு போயிருந்தேன், வாங்குவாங்களோன்னு பயம். தனக்காகக் கொன்னதுன்னு பாக்கவோ கேக்கவோ சந்தேகப்படவோ இல்லன்னா பாத்திரத்துல விழுகத சாப்பிடலாமாம், ஆனா மத்தியானத்துக்கு முன்ன. அவன் எதையும் கூடவோ குறையவோ ருசிச்ச மாதிரி தெரியல, எல்லாத்தையும் ஒண்ணா பிசைஞ்சு சாப்பிட்டான். மொகத்துல ஒரு பரபரப்பு இல்ல. சின்னதுல ஆஸ்துமா வந்து ராத்திரி முழுக்க முழிச்சிருந்த பிள்ளை அது, அந்த மொகத்த நான் அதுக்கு முன்ன பாத்ததே இல்ல.

எனக்கு வருத்தம் போயிட்டுன்னு சொல்லமாட்டேன், அடைமழை பெய்ஞ்சா அங்க குகைல நனைவானோன்னு இப்பவும் தோணும். ஆனா அவன் எனக்குள்ளவன்னு நெனச்சு இழுத்துட்டு இருந்தது கொஞ்சம் விட்டிருக்கு, அது அவன் போனதுனால எனக்குக் கிடைச்சது.

தம்பி, அந்தப் பையனுக்க அம்மைய எனக்கிட்ட பேசச் சொல்லுங்க. விட்டுக்கொடுன்னு சொல்ல மாட்டேன். அவ அழட்டும், கூட இருந்து கேக்க ஒரு ஆள் வேணும்லா, எனக்கு அன்னைக்கு யாரும் இல்ல. வெட்டெல்லாம் முடிஞ்சு ரப்பர் ஷீட் அடிச்சிட்டு மத்தியானம் அவளுக்கு நேரம் இருக்கும்னா நானே குலசேகரம் வருகேன்.