ஆளுநர் விலகினால் அடுத்தவர் யார்?

களுவாஞ்சிக்குடித் தாய்: மகள் உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிறாள். நேற்றிரவு மின்சாரம் போய்விட்டது. மெழுகுதிரி வெளிச்சத்தில் கொப்பியைப் புரட்டியபடியே, “அமெரிக்காவில் மாநில ஆளுநர் இறந்தால் யார் வருவார், அம்மா?” என்றாள். துணை ஆளுநர் என்றேன். “ஒரிகனில் அந்தப் பதவியே இல்லையே!” என்று மடக்கினாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: அக்கா, மகள் சொன்னது சரி. ஒரிகனில் மாநிலச் செயலாளர்தான் அடுத்தவர். 2015இல் ஜோன் கிட்சாபர் விலகியதும் கேட் பிரவுன் அப்படித்தான் ஆளுநரானார். மேய்னில் செனட் தலைவர். பெரும்பாலான மாநிலங்களில் நீங்கள் சொன்ன துணை ஆளுநரே.

பதில்: இருபது வருடம் இந்தப் பாடம் படிப்பித்தவன் நான். நம் கிழக்கு மாகாண ஆளுநரோடு இதைக் குழப்ப வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். இங்கே நியமிப்பவர் ஜனாதிபதி. ஒருவர் விலகினால் இன்னொருவரை அவரே நியமிப்பார். அங்கே ஆளுநரை மக்கள் தெரிவு செய்கிறார்கள். ஆகவே அடுத்தவர் யார் என்பதை மாநில அரசியலமைப்பே எழுதிவைத்திருக்கிறது.

களுவாஞ்சிக்குடித் தாய்: நன்றி ஐயா. கொப்பியில் சிவப்புப் பேனாவால் எழுதிவிட்டாள்.