டென்னிஸ் வீராங்கனை ஜாங் ஷுவாயை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மெல்போர்ன்வாசி:

நட்சத்திரங்களைப் பார்த்த கதைகள் போதும், தரவரிசையில் நூறைத் தாண்டியவர்களைப் பார்த்த கதை இருந்தால் எழுதுங்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். என்னிடம் ஒன்று இருக்கிறது.

2016 ஜனவரி, ஆஸ்திரேலிய ஓப்பன். தகுதிச் சுற்று நடக்கும் வாரத்தில் வெளி மைதானங்களில் கூட்டம் இருக்காது. ஆடுபவருக்கு மூச்சு வாங்குவது காதில் விழும் தூரத்தில் உட்காரலாம். சீனாவின் ஜாங் ஷுவாயை அங்கேதான் பார்த்தேன். அப்போது அவர் 133ஆம் இடத்தில் இருந்தார். அதற்கு முன் 14 கிராண்ட்ஸ்லாம்களில் (ஆண்டின் நான்கு பெரிய போட்டிகளை அப்படித்தான் சொல்வார்கள்) முதன்மைச் சுற்றில் ஆடி, பதினான்கிலும் முதல் ஆட்டத்தோடு வெளியேறியவர். விலகிவிடலாமா என்ற யோசனையில் இருந்தார் என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்று என் கண்ணில் பட்டது அவருடைய பேக்ஹேண்ட்தான், அதாவது மட்டைக் கைக்கு எதிர்ப்பக்கம் வரும் பந்தை அடிக்கும் அடி. இரு கையாலும் பிடித்து, சுழற்சி அதிகம் இல்லாமல், வலைக்குச் சற்று மேலாகத் தட்டையாக அடிப்பார். இடைவேளையில் மட்டையின் பழைய கிரிப்பைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் புதியதை இழுத்து இழுத்துச் சுற்றினார். அடுத்த கேமுக்கு நடுவர் அழைத்த பிறகுதான் தலை நிமிர்ந்தது.

தகுதிச் சுற்றைத் தாண்டியவருக்கு முதல் ஆட்டத்தில் வாய்த்தவர் யார்? உலகின் இரண்டாம் இடத்தில் இருந்த சிமோனா ஹாலெப்! 6-4, 6-3 என்று ஜாங் ஜெயித்தார். மகள் கிராண்ட்ஸ்லாமில் ஆடுவதைப் பெற்றோர் முதன்முறையாக வந்து பார்த்த வாரம் அது. மைதானத்திலேயே அழுதுவிட்டார். அப்படியே காலிறுதி வரை போய் ஜொஹானா கோண்டாவிடம் தோற்றார்.

பயிற்சியாளர் ஒருவர்:

அழுகை ஏன் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடிமட்டப் போட்டி ஒன்றின் மொத்தப் பரிசே 15,000 டாலர். அதை 32 பேர் பகிர்ந்துகொள்ள வேண்டும். விமானம், தங்குமிடம், மட்டைக்கு நரம்பு கட்டும் கூலி எல்லாம் கைக்காசு. பந்து பொறுக்கித் தரவும் பெரும்பாலும் ஆள் இருக்காது. சீனாவில் அந்த நாளில் அரசு அமைப்பு செலவைப் பார்த்துக்கொண்டது. பதிலுக்குப் பரிசில் பெரும்பங்கு அதற்குப் போனது. 2008 இறுதியில் வீராங்கனை லி நா உள்ளிட்ட நால்வருக்கு மட்டும், சொந்தப் பயிற்சியாளரை அமர்த்திக்கொண்டு சிறு பங்கைக் கட்டினால் போதும் என்று விட்டார்கள். முன்னணியில் இருந்தவர்களுக்குத்தான் அந்தச் சலுகை. வரிசையில் பின்னால் நின்றவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பது என் பழைய குறை.

நியூயார்க்கிலிருந்து:

2021 அமெரிக்க ஓப்பனில் சமந்தா ஸ்டோசருடன் இரட்டையர் கோப்பையை வென்றபோது பார்த்தேன். ஒற்றையரில் முகம் சுருங்கியே இருப்பவர், அன்று ஒவ்வொரு புள்ளிக்கும் சிரித்தார். வேறு ஆளோ என்று தோன்றியது.

பெய்ஜிங்கில் பணிபுரிபவர்:

அடுத்த பள்ளத்தையும் சொல்ல வேண்டும். 2023 தொடக்கத்தில் 22ஆம் இடம் வரை ஏறியவர், அதன்பின் ஒற்றையரில் ஜெயிப்பதையே மறந்துவிட்டார். அந்த ஜூலையில் புடாபெஸ்டில், பந்தின் தடம் பதியும் களிமண் தரையில், அவர் அடித்துக் கோட்டில் பட்ட பந்தை வெளியே என்று அறிவித்தார்கள். அவர் வாதாடிக்கொண்டிருக்கும்போதே எதிராளி அந்தத் தடத்தைக் காலால் அழித்தார். பாதியில் விலகினார் ஜாங். 2024 செப்டம்பரில் சீன ஓப்பனுக்கு வைல்டு கார்டில் (தரவரிசை பாராமல் அமைப்பாளர்கள் தரும் இடம்) வந்தபோது தொடர்ந்து 24 தோல்விகள், தரவரிசை 595.

அலுவலகம் முடிந்து, பாவம் ஒரு கைத்தட்டாவது தட்டுவோம் என்றுதான் போனேன். அமெரிக்காவின் மெக்கார்ட்னி கெஸ்லருடன் இரண்டு செட்டும் 6-6 ஆகி, டை பிரேக்கர் என்ற முடிவு ஆட்டத்துக்குப் போயின. ஒவ்வொரு சர்வீஸுக்கும் முன்னால் அரங்கம் 'ஜியாயோ' (விடாதே, முன்னேறு) என்று கத்தும், நடுவர் அமைதி கேட்பார், யார் கேட்கிறார்கள்? என் பக்கத்தில் இருந்த பெரியவர் மட்டும் கத்தவில்லை. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை நசுக்கிக்கொண்டே இருந்தார். கடைசிப் புள்ளி விழுந்ததும் அந்தப் பாட்டில் மூடி எகிறி என் சட்டையெல்லாம் தண்ணீர்.

ஜெயித்த ஜாங் அதோடு நிற்கவில்லை. எம்மா நவாரோ, கிரீட் மின்னன், மக்டலேனா ஃபிரெக் என்று வரிசையாக ஒரு செட்கூட விடாமல் வீழ்த்திவிட்டு, காலிறுதியில் பவுலா படோசாவிடம் 6-1, 7-6 என்று தோற்றார். அந்த ஆட்டத்துக்கு எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. போனவர்கள் யாராவது இரண்டாவது செட்டைப் பற்றி எழுதுங்களேன்.