கன்சோல் விற்பனையும் வெளி நிறுவன கேம்களும்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, வணக்கம். ஒரு கன்சோலின் (டிவியில் இணைத்து கேம் ஆடும் கருவி) சந்தைப் பங்கைப் பார்த்துத்தான் வெளி நிறுவனங்கள் (அந்தக் கன்சோலைத் தயாரிக்காத கேம் நிறுவனங்கள்) அதற்கு கேம் தயாரிக்கின்றனவா என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓர் இடத்தில் சிக்கி நிற்கிறேன்.

நின்டெண்டோ நிறுவனத்தின் வீ யூ கன்சோலின் கதை நேரடியானது. 2012 நவம்பரில் வந்தது. தொடக்கத்தில் யுபிசாஃப்ட், இஏ போன்ற வெளி நிறுவனங்கள் எல்லோரும் கேம் கொடுத்தார்கள். விற்பனை படுத்ததும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். வீ யூவுக்கு மட்டும் என்று இருந்த ரேமேன் லெஜண்ட்ஸ் கேமை யுபிசாஃப்ட் கடைசி நேரத்தில் தள்ளிப்போட்டு, 2013-இல் மற்ற கன்சோல்களிலும் சேர்த்தே வெளியிட்டது. வீ யூ கன்சோலின் மொத்த விற்பனை சுமார் 1.35 கோடிதான். கேம் இல்லாததால் ஆட்கள் வாங்கவில்லை, ஆட்கள் வாங்காததால் கேம் வரவில்லை. சரி, இது புரிகிறது.

ஆனால் அதற்கு முந்தைய நின்டெண்டோ கன்சோலான வீ 10 கோடிக்கு மேல் விற்றது! அப்படியும் போட்டிக் கன்சோல்களான பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டுக்கும் வந்த பல பெரிய கேம்கள் வீ பக்கம் வரவே இல்லை. வன்பொருள் வலு குறைவு, எச்டி (உயர் தெளிவுப் படம்) கிடையாது என்பது ஒரு காரணம். ஆனால் வாங்கியவர்கள் யார், அவர்கள் எந்த மாதிரி கேமுக்குக் காசு கொடுப்பார்கள் என்பதுதான் பெரிய காரணமாக எனக்குப் படுகிறது.

கேம் ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: ஒரு கேமை இன்னொரு கன்சோலுக்கு மாற்றலாமா என்று முடிவெடுக்கும்போது முதலில் எதைக் கணக்குப் பார்ப்பீர்கள்? அப்புறம், கேம் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் கன்சோல் வாரியான வருமானத்தை எப்படித் தேடி எடுப்பது என்று யாராவது காட்டினால் பெரிய உதவியாக இருக்கும்.